அன்னாசி மேல் விழுந்த பழி

பயறு முளைகட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த வெயிலில் பயறு யாருக்காகவும் காத்திருக்காது. காலையில் ஊறப்போட்டு, பொழுது சாய வடித்து, பழைய வேட்டித் துணியில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டால் மறுநாள் விடியும்போது துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வால் வெளியே வந்திருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என் கைராசி என்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொள்வேன். அது என் கையும் இல்லை, ராசியும் இல்லை, வெறும் வெயில்தான் என்று கொல்லிமலைக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். மகள் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். எனக்குத் தையல் தொழில். கீழே தெருவுக்குத் தெரு தையல் கடை. மலைமேல் ஒரு ஜாக்கெட் தைக்கக்கூட ஜனங்கள் பஸ் ஏறிக் கீழே வரவேண்டியிருக்கிறது என்று துணி கொடுக்க வந்த ஒருத்தி சொன்னாள். சொன்னதுதான் தாமதம், மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். சோளக்காடு என்கிற ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மலைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டினாற்போல் இரண்டு அறை கிடைத்தது. முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம்.

பக்கத்து வாசல் வீட்டுக்கார அக்காவுடையது. என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவர். கூட அவருடைய மகனும் மருமகளும். மேட்டில் அவர்களுக்கு மிளகும் மரவள்ளியும் கொஞ்சம் அன்னாசியும் உண்டு. விளைந்ததை மகன் சோளக்காட்டில் ரோட்டோரமாகக் குவித்து வைத்து விற்பான். வாயில்லாப் பூச்சி. கார்க்காரர்கள் பேரம் பேசினால் அவனே கூச்சப்பட்டுக்கொண்டு இன்னொரு பழத்தைச் சேர்த்துப் பையில் போட்டுவிடுவான். நான் கடையிலிருந்தே சத்தம் போடுவேன். "ஏனப்பா, கடெ நடத்தறயா, தானம் பண்றயா?" என்று. சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

வந்த முதல் மழைக்காலத்தில் பயறு கட்டினேன். மறுநாள் அவிழ்த்துப் பார்த்தால் ஊறின பயறு ஊறினபடியே குளிர்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கும் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வாயைத் திறந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயறின் மேல் கோபப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மலையா நானா, பார்த்துவிடலாம் என்று மல்லுக்கு நின்றேன். ஹாட்பாக்ஸில் வைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கடைசியில் வழி அகப்பட்டது. தையல்காரி வீட்டில் வெட்டுத்துணிக்கா பஞ்சம்? மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பயறுக் கட்டை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவை வெட்டுத்துணி மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். அந்தக் கதகதப்பில் முளைத்தது. கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனாலும் முளைத்தது. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கார அக்காவிடம் ஓடினேன்.

அவர் ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, இதெ அப்படியே பச்சையாவா திங்கறது? நாமென்ன ஆட்டுக்குட்டியா? ரெண்டு கொதி உட்டு எறக்குனா வாய்க்கு மெதுவா இருக்குமில்ல?"

"வேகவெச்சா சத்தெல்லாம் தண்ணியில போயிருமுங்கக்கா. உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க."

போனில் யாரோ ஒரு பெண் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதைத்தான் நான் அப்படியே ஒப்பித்தேன். அக்கா வீட்டில் மொச்சையோ அவரையோ தட்டைப்பயறோ, எதுவானாலும் விரலில் நசுங்கும் வரைக்கும் வேகும். விறகு அதிகம் செலவானாலும் பரவாயில்லை என்று வேகவைப்பார்கள். அது எனக்குக் கிண்டலாக இருந்தது. சத்தை எல்லாம் அடுப்புக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையைத் தின்கிறார்கள் என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைமேலேயே இன்னொரு பக்கம் இருக்கிற எடப்புளி நாட்டுப் பெண். என் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவள். அவ்வளவு மெதுவாகப் பேசுவாள், மிஷினை நிறுத்தினால்தான் காதில் விழும். கல்யாணமாகி ஒருமுறை கரு தங்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை, ஆனால் கோயில் கோயிலாகப் போய்வந்தார்கள். இந்தத் தடவை அவள் மாசமானதும் வீட்டுக்கார அக்கா அவளைக் குடம் தூக்க விடவில்லை, மேட்டில் ஏற விடவில்லை. பரிசோதனைக்குப் போய்வந்த அன்று அவள் என் கடை வாசலில் நின்று, "ரத்தம் கம்மியா இருக்குதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்கக்கா. பயறு, கீரை எல்லாம் நெறையாத் திங்கச் சொன்னாங்க" என்றாள்.

பயறு என்ற சொல் போதாதா எனக்கு! அதுவரை நான் ஊட்டிவிட ஒரு ஆளில்லாமல் இருந்தது. மகள் ஹாஸ்டலில் சப்பாத்தி தின்கிறாள். வீட்டுக்காரர் எங்கோ ஆந்திராவிலோ அதற்கும் அப்பாலோ எதைத் தின்கிறாரோ. கையில் பயறும் வெட்டுத்துணி மூட்டையும் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சி கிடைத்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அவள் கடைக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டேன். முளைத்த பயறில் தேங்காய் துருவிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மலை மிளகை இடித்துத் தூவி, ஒரு கிண்ணம் நிறையக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு மிஷினுக்குப் போக மாட்டேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரில் நிற்பேன். கடைசிப் பயறு வாய்க்குள் போனால்தான் நகர்வேன். "நின்னு பாத்தாத்தான் இந்தக் காலத்துப் புள்ளைக திங்குதுக" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் பெருமை வேறு. அவளும் ஒரு வார்த்தை பேசாமல் மென்று மென்று முழுங்கிவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது கொஞ்சம் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையால் ஏறியிருக்கும். நான் பயறால்தான் ஏறியது என்று சோளக்காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆவணியில் மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் மேகம் வீட்டுக்குள் வந்து போனது. தைத்து மாட்டிய துணிகூட நமுத்துப்போய்த் தொங்கியது. வெட்டுத்துணி மூட்டைக்குள்ளும் ஈரம் ஏறிவிட்டது, அதை நான் கவனிக்கவில்லை. பயறைப் புதைத்து வைத்துவிட்டு மறந்தும் போனேன். பள்ளிக்கூடச் சீருடை வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நினைவு வந்து டப்பாவைத் திறந்தபோது முளை நீளமாகத்தான் வந்திருந்தது. ஆனால் கைவைத்தால் வழுவழு என்றிருந்தது. புளித்தும் புளிக்காததுமாக ஒரு வாடை.

கொட்டியிருக்க வேண்டும். ரோட்டைத் தாண்டினால் குழி இருக்கிறது, கொட்டிவிட்டு வந்திருந்தால் கதை முடிந்தது. எனக்கு மனது வரவில்லை. நீளமாக முளைத்திருந்ததே! இந்தக் குளிரில் இவ்வளவு நீளம் எனக்கு அதுவரை வந்ததே இல்லை. வாளித் தண்ணீரில் போட்டு அலசினேன். மறுபடி அலசினேன். வழுவழுப்பு போனது, வாடையும் போனமாதிரி இருந்தது. எலுமிச்சையைக் கூடப் பிழிந்து, மிளகை அதிகம் தூவினேன். அதை நான் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. இப்போதுதானே காபி குடித்தேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம்போல் இருக்கிறது.

அவள் வந்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு நிறுத்தினாள்.

"அக்கா, என்னமோ வாடெ அடிக்குதுங்க."

"வாடையாவது ஒண்ணாவது. பயறு வாசம் சாமி அது. மூக்கப் புடிச்சுட்டு முழுங்கு. உனக்காகவா சொல்றேன்? வவுத்துல இருக்கறதுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அவள் தின்று முடித்தாள். கிண்ணத்தைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குமேல் பக்கத்து வாசலில் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. மாசமானவளுக்கு வாந்தி சகஜம்தான் என்று முதலில் நான் எழுந்திருக்கவில்லை. பிறகு வீட்டுக்கார அக்கா என்னைக் கூப்பிட்ட குரலில் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வாந்தி நிற்கவில்லை, வயிற்றாலும் போயிருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இறுக்கிப் புடிக்குதுங்க அத்தெ" என்றாள். வீட்டுக்கார அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. முந்தின முறையும் இப்படித்தான் தொடங்கியதாம்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மகன் யாருடைய ஜீப்பையோ பிடித்துக்கொண்டு வந்தான். மலைமேல் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குழந்தைக்கும் ஆபத்து, உடனே கீழே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். பின்சீட்டில் அவள் தலை என் மடியில். காலைப் பிடித்துக்கொண்டு அக்கா. கொல்லிமலை ரோட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வயிற்றை அணைத்துக்கொள்வாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொள்வேன். சாமியெல்லாம் கூப்பிட்டேன். கூப்பிட வாய் கூசியது. ஊட்டிவிட்டதும் இதே கைதானே, இப்போது தலையைப் பிடித்துக்கொண்டு வேண்டுகிறேன் என்றால் எந்தச் சாமி கேட்கும் என்று தோன்றியது. அடிவாரம் வந்து, என் சொந்த ஊர் ரோட்டில் என் சொந்த ஜனங்கள் டீ குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா சின்ன வயது. என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். நான் ஒளிக்கவில்லை. அந்த ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்தேன். முளைகட்டின பயறு, பச்சையாக, நான்தான் கொடுத்தேன், வெட்டுத்துணி மூட்டைக்குள் வைத்து முளைக்கவைத்தது, வாடை அடித்தது என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மாசமா இருக்கறவங்களுக்குப் பச்சை முளைப்பயறு குடுக்கவே கூடாதும்மா" என்றார் அவர், டிரிப்ஸ் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே. "அந்த ஈரத்துலயும் கதகதப்புலயும் பயறு மட்டுமா வளரும்? கிருமியும் சேர்ந்துதான் வளரும். கழுவுனா அது போகாது. நல்லா வேகவச்சுக் குடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

அவ்வளவுதான். கத்தவில்லை, முறைக்கவில்லை. குழந்தையின் துடிப்பு இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் வீட்டுக்கார அக்காவைப் பார்த்தேன். ரெண்டு கொதி உட்டு எறக்குனா என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்திருக்கும். அவர் மருமகளின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் மருமகளின் அம்மா எடப்புளி நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வராந்தாவிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். "எம்புள்ளெ என்னத்தத் தின்னா? என்னத்தக் குடுத்தீங்க?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வீட்டுக்கார அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"அன்னாசிங்க சம்பந்தி" என்றார். "உங்க மாப்ளெதான் அறுத்துக் குடுத்திருக்கறான். புத்தி கெட்ட பய."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா அப்படியே மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். மாசமாக இருப்பவளுக்கு அன்னாசி ஆகாது என்பது எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதை அறுத்துக் கொடுத்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? "அன்னாசி யாவாரம் பண்றவனுக்கு இதுகூடவா தெரியாது? போன தடவெ ஒண்ணெப் பறிகுடுத்தது பத்தலியா உங்களுக்கு?" என்று அவர் கேட்ட கேள்வியில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒரு தடவை அம்மாவைப் பார்த்தான். ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புதானுங்க அத்தெ" என்றான்.

அக்காவை வெளியே குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏனுங்கக்கா இப்படிப் பண்ணுனீங்க? எங்கெங்க அன்னாசி? நான் போய்ச் சொல்லிர்றேன்."

"சும்மா இரு கண்ணு. அவிய ஊட்டு ஆளுங்க கோவக்காரங்க. நீதான்னு தெரிஞ்சா ஊரையே கூட்டியாந்து வாசல்ல நிறுத்திருவாங்க. நீ ஒண்டியா இருக்கற பொம்பள. கடெ வெச்சுப் பொழைக்கோணுமா வேண்டாமா? அவன் எம்பையன். நாலு பேச்சு வாங்குனாக் கரைஞ்சா போயிருவான்?"

"அப்ப நீங்களாச்சும் என்னைத் திட்டுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? நான் குடுத்ததுதானுங்க!"

அவர் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு முந்தானையில் துடைத்தார். "புள்ளெ பொழைக்கட்டும் மொதல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் சண்டைக்காரி. கண்டக்டரோடு சண்டை, காய்க்காரியோடு சண்டை, சரியில்லாத ஜிப்பை அனுப்பிய கடைக்காரனோடு போனில் சண்டை. யாராவது இரண்டு வார்த்தை பேசினால் பத்தாகத் திருப்பிக் கொடுத்து, அதோடு மனது லேசாகிவிடும். திட்டாதவர்களிடம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா ஒருதடவை, ஒரேதடவை, "அன்னைக்கே சொன்னேனே, கேட்டயா?" என்று கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். கேட்கவில்லை. வார்டில் எனக்கும் சேர்த்து இட்லி வாங்கிவரச் சொன்னார். அதைத் தின்பதற்குள் என் உயிர் போய்விட்டது.

காய்ச்சல் இறங்கியது. வயிறு இறுக்குவது நின்றது. குழந்தை தங்கிவிட்டது, ஆனால் இனிப் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மலைக்குத் திரும்பிய அன்றே வெட்டுத்துணி மூட்டைகளை எல்லாம் இழுத்துப் போட்டுக் கொளுத்தினேன். ஈரத்துணி சரியாக எரியாமல் புகைந்தது. அந்தப் புகையில் இருமிக்கொண்டே நின்றேன்.

அதிலிருந்து தினமும் காலையில் அவர்கள் வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பேன். "அசையுதா சாமி?" என்பேன். உள்ளேயிருந்து அவள், "அசையுதுங்கக்கா" என்பாள். அந்தப் பதில் வந்தால்தான் என்னால் ஊசியில் நூல் கோக்க முடிந்தது. ஒருநாள் பதில் வரத் தாமதமானது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

மகன் என்னிடம் எப்போதும்போல்தான் இருந்தான். ஆனால் ரோட்டோரம் அவன் கடையில் அன்னாசி குறைந்தது. வீட்டு வாசலில் அன்னாசி வைப்பதை அக்காவே நிறுத்திவிட்டார், பொய்க்குப் பொருத்தமாக இருக்க வேண்டுமே! பக்கத்துக் கடைக்காரர்கள் அவனை, "என்னப்பா அன்னாசி, சம்சாரம் சௌக்கியமா?" என்று சீண்டுவார்கள். அவன் சிரிப்பான். எனக்குக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடலாம்போல் இருக்கும். எந்த முகத்தோடு ஓடுவது? கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பேன்.

வளைகாப்பு முடிந்ததும் அவளை எடப்புளி நாட்டுக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பார்க்கப் போன மகனுக்கு மாமியார் சோறு போட்டாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லையாம். தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாராம். இதை அக்காதான் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, போனால் போகட்டும், அந்த அம்மா காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட்டே வருவது என்று எடப்புளி நாட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வசனம் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

நான் படியேறியதும் அந்த அம்மா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சாமி, வாங்க. எம்புள்ளெ தலையெ மடியில வெச்சுக்கிட்டு மலெ எறங்குனவங்க நீங்கதான்னு எல்லாஞ் சொன்னாங்க. பெத்தவ நானே பக்கத்துல இல்லெ. நீங்க நல்லா இருக்கோணும்."

பேசிவைத்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. உட்காரவைத்தார். களியும் மொச்சைக் குழம்பும் போட்டார். மொச்சை விரலில் பட்டதும் நசுங்கியது. வாயாடி என்று பெயர் வாங்கினவள், அந்த வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு, போட்டதை எல்லாம் தின்றுவிட்டு, கிளம்பும்போது அவர் கட்டிக்கொடுத்த பலாக்கொட்டையையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பை மடியில் கனத்தது. இவ்வளவு கோழையா நான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி குறையில்லை. போய்ப் பார்த்தபோது தூக்கச் சொன்னார்கள். துணி தைத்துத் தைத்து விரலெல்லாம் சொரசொரப்பு, குழந்தைக்குக் குத்தும் என்று சாக்குச் சொல்லிவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பழைய மல் வேட்டியைக் கிழித்து, பயறு கட்டிய துணி அல்ல, வேறொன்று, சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்துத் தள்ளினேன். அந்தக் குழந்தை போட்டு மாளாத அளவுக்குத் தைத்தேன்.

மாசி முடிகிற சமயத்தில் அவள் குழந்தையோடு சோளக்காட்டுக்குத் திரும்பி வந்தாள். அடுத்த நாள் காலையில், பழைய நேரத்துக்கே, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். முன்பு பயறு தின்ற அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் மிஷினை நிறுத்தினேன்.

"ஏனுங்கக்கா, இப்பெல்லாம் பயறே கட்டறதில்லீங்களா?"

"அந்தப் பேச்சே எடுக்காதே சாமி." அப்புறம் அடக்க முடியவில்லை. "உங்கம்மாகிட்ட நான் சொல்லியே ஆகோணும். உன்ற ஊட்டுக்காரன் செய்யாத தப்புக்கு எத்தனெ நாளைக்குத் தலெகுனிஞ்சு நிப்பான்?"

"வேண்டாமுங்கக்கா. அம்மா இப்பத்தான் அவருகூடப் பேச ஆரமிச்சிருக்குது. இவளெத் தூக்கிட்டு நின்னாரா, கோவமெல்லாம் போயிருச்சு. இனி நீங்க போய்ச் சொன்னீங்கன்னா, எல்லாருஞ் சேந்து பொய் சொன்னாங்கன்னு மறுக்காவும் ஆரமிக்கும். உட்ருங்க."

ஆக, அந்தக் கதவும் சாத்தியாயிற்று. குழந்தை அவள் தோளில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் தைத்த சட்டைதான் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, இத்தனை மாதமும் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"வாடெ அடிக்குதுன்னு உனக்குத் தெரிஞ்சுதே. நீயே சொன்னயே. கீழ வெச்சுட்டுப் போயிருக்கலாமில்ல? ஏஞ்சாமி தின்னே?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. குற்றம் சொல்கிற குரலும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

"நீங்க பாத்துட்டே நின்னீங்களேக்கா."

மிஷின் ஓடவில்லை. அதனால் நன்றாகவே காதில் விழுந்தது. ஈரமும் குளிரும் வெட்டுத்துணியும் கிருமியும் என்று அதுவரை நான் சேர்த்து வைத்திருந்த காரணங்களில் ஒன்றும் அதன் முன்னால் நிற்கவில்லை. மலையோடு மல்லுக்கு நின்றதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நின்றது இந்தப் பெண்ணின் எதிரில்.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துப் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினேன். டீ போட்டு, ஒரு தட்டில் பிஸ்கெட் வைத்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். "வேணுமின்னாக் குடி, வேண்டாமின்னா வெச்சுரு" என்றேன். சொல்லிவிட்டு, கை தானாக இடுப்புக்குப் போனதை இறக்கிக்கொண்டு, மிஷினுக்குப் போய் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாதி தைத்த ஜாக்கெட்டை எடுத்தேன். அவள் குடித்தாளா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.